பிளைவுட் சுவரும் ஒரு கிராஃபிக்ஸ் கார்டும்

டிசைன் ரூமில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருக்கும் நான் கொடுத்துவிட்டு வந்த குறிப்பேட்டில் ஒரு பக்கம் கிழிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிழித்தது நான்தான். "கிராஃபிக்ஸ் கார்டு: சத்தம், சூடு" என்று தலைப்பிட்டு மூன்று வரி எழுதினேன். படித்துப் பார்த்தால், எல்லாம் எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரிந்ததுபோல் இருந்தது. அது பொய் என்று கிழித்தேன். கிழித்தது சரியா என்று அன்று முழுக்க யோசித்தேன். அதனால்தான் இப்போது கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முப்பத்திரண்டு வயதில் வேலையிலிருந்து ஓய்வு என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் ஒரே அறையில், ஒரே மெஷினோடு எட்டு வருஷம் இருந்துவிட்டு வெளியே வந்தால் ஓய்வு பெற்ற மாதிரிதான் இருக்கிறது. இன்னும் காலையில் கம்பெனி பஸ் ஹாரன் கேட்டால் டிபன் பாக்ஸைத் தேடுகிறேன்.

அந்த அறையின் மூன்று பக்கம் செங்கல் சுவர். நான்காவது பக்கம் பிளைவுட். அதற்கு அந்தப் பக்கம் கம்பெனியின் குழந்தைகள் காப்பகம். எல்லோரும் பால்வாடி என்றுதான் சொல்வார்கள். ஷூ தைக்கும் ஸ்டிட்சிங் லைனில் வேலை செய்யும் பெண்களின் கைக்குழந்தைகள் அங்கே இருக்கும். எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னல். அது ரஃபிங் பகுதியைப் பார்த்தது. சோல் ஒட்டுவதற்கு முன்னால் தோலின் அடி ஓரத்தைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கும் இடம். மாவு மாதிரி தோல் தூசி அங்கே எப்போதும் பறக்கும்.

நம் வேலை உங்களுக்குத் தெரியும். முன்பெல்லாம் ஷூ வாங்கும் வெளிநாட்டுப் பையருக்கு ஒன்றைத் தைத்து கூரியரில் அனுப்பிவிட்டு, அவர் "மூக்கு கொஞ்சம் கூராக இருக்கட்டும்" என்று சொல்வதற்குப் பத்து நாள் காத்திருப்பார்கள். இப்போது வீடியோ காலில் ஷூவைத் திரையில் சுற்றிக் காட்டுகிறோம். அவர் நிறத்தை மாற்றச் சொன்னால் கண் முன்னாலேயே மாற்றுகிறோம். இதையெல்லாம் செய்வது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டு. தோலின் பளபளப்பு, தையல் நூலின் நிழல், எல்லாவற்றையும் அது ஒவ்வொரு நொடியும் புதிதாக வரைகிறது. வரைய வரையச் சூடாகும். சூடானால் அதன் மேல் இருக்கும் இரண்டு சின்ன ஃபேன்கள் வேகமாகச் சுற்றும். வேகமாகச் சுற்றினால் கத்தும்.

நான் பிரசவ விடுப்பு முடிந்து திரும்பி வந்தபோது பாப்பாவுக்கு எட்டு மாதம். அவளைப் பால்வாடியில் விட்டேன். பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் போய்ப் பால் கொடுப்பேன். மற்ற நேரத்தில் பிளைவுட் வழியாக அவள் குரல் கேட்கும். பதினாலு குழந்தைகள் அழுதாலும் எது என் குழந்தை என்று தெரியும். அந்தச் சுவர் இல்லாவிட்டால் நான் விடுப்பு முடிந்து திரும்பியிருக்கவே மாட்டேன்.

என் குழந்தையின் குரல் எனக்குக் கேட்டதுபோல, என் மெஷினின் குரல் அவர்களுக்கும் கேட்டது. ஒருநாள் பால்வாடியைப் பார்த்துக்கொள்ளும் அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"இன்னாம்மா அது, உள்ள ஏரோப்ளேன் கீரோப்ளேன் வச்சிருக்கியா?"

"கம்ப்யூட்டர் ஃபேன் அம்மா. கொஞ்சம் சூடாயிடுச்சு."

"உன் மிஷினு எழுந்துச்சுன்னா என் புள்ளைங்க பதினாலும் எழுந்துக்குது. உன்னுதையும் சேத்துதான் சொல்றேன். இப்பதான் தூங்க வச்சேன். ஒரே பேஜாரா இருக்கு."

எனக்கு உடம்பே கூசிப்போனது. என் வேலையால் பதினாலு பேருடைய தூக்கம் கெடுகிறது. அவர்களுடைய அம்மாக்கள் லைனில் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் என்ன சொல்வது? இரண்டு காரியம் செய்தேன். இரண்டையும் நல்ல எண்ணத்தோடுதான் செய்தேன்.

முதல் காரியம், அன்றே ஜன்னலைத் திறந்து வைத்தேன். காற்று வந்தால் சூடு குறையும், சூடு குறைந்தால் சத்தமும் குறையும் என்று கணக்குப் போட்டேன். அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்று யோசிக்கவில்லை.

ஜன்னல் திறந்தும் சத்தம் குறையவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு இரண்டாவது காரியத்தைச் செய்தேன். ஷூவுக்குள் பாதத்துக்கு மெத்தென்று போடுகிற ஸ்பாஞ்ச் ஷீட் நம்மிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும். கட்டிங்கில் மிச்சமாகும் துண்டுகளைக் கேட்டு வாங்கி, கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கக் கதவின் உள்பக்கம் முழுக்க ஒட்டினேன். அறையில் இருந்த சோல் ஒட்டும் சொல்யூஷனைத்தான் பூசினேன். மேல் ஓரத்தில் இருந்த காற்றுத் துளைகளையும் மூடிவிட்டேன். ஒட்டிய வேலை அவ்வளவு நேர்த்தியாக இருந்தது. ஓரங்களைக்கூட ஒரே சீராக வெட்டியிருந்தேன்.

மூன்று நாள் அமைதி. பால்வாடி அம்மா கதவு வழியாகத் தலையை நீட்டி, "இன்னா, மிஷின மாத்திட்டாங்களா?" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. திரையின் ஓரத்தில் கார்டின் வெப்பத்தைக் காட்டும் எண் ஒன்று இருக்கும். அந்த மூன்று நாளும் நான் அதைப் பார்க்கவில்லை. சத்தம் இல்லாதபோது எண்ணை எதற்குப் பார்ப்பது என்று இருந்துவிட்டேன்.

நான்காம் நாள் மூன்று மணிக்குப் பையரோடு வீடியோ கால். அடுத்த குளிர்காலத்துக்கான பன்னிரண்டு ஷூக்களையும் சுற்றிக் காட்ட வேண்டும். பதினோரு மணிக்கு மேனேஜர் ஒத்திகை பார்க்க வந்தார். நம் மேனேஜர் கெட்டவர் இல்லை, ஆனால் காத்திருக்கத் தெரியாதவர். நாற்காலியில் உட்காராமல் பின்னால் நின்றுகொண்டே பார்ப்பார்.

முதல் ஷூ சுற்றியது. இரண்டாவது ஷூ பாதி சுற்றி நின்றது. பெட்டிக்குள் ஏதோ "பொத்" என்று விழுந்தது. பிறகு கரகரவென்று ஒரு சத்தம். திரை கறுத்துப்போனது.

"இன்னா ஆச்சு?"

"தெரியல சார்."

மறுபடி போட்டேன். வந்தது. இரண்டு நிமிஷத்தில் போனது. வேலூரில் நமக்கு சர்வீஸ் செய்கிற கடைக்கு மேனேஜரே போன் போட்டார். அவர்கள் போனிலேயே, கார்டு போயிருக்கும், மாற்ற வேண்டும், வந்து சேர நான்கு நாளாவது ஆகும் என்றார்கள்.

மேனேஜர் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு சொன்னதை இன்னும் சொல்லுக்குச் சொல் நினைவு வைத்திருக்கிறேன்.

"ரெண்டு மணி வரைக்கும் பாரு. ஓடலைன்னா பன்னெண்டு ஃபைலையும் மெட்ராஸ்ல இருக்குற டிசைன் ஸ்டுடியோவுக்கு அனுப்பிடு, அவங்களே காட்டட்டும். இந்த ரூமே வேணாம்னு மேல ரொம்ப நாளா சொல்லிட்டு இருக்காங்க. நான்தான் புடிச்சு வச்சிருக்கேன். அவங்ககிட்ட போச்சுன்னா போனதுதான். உன்ன ரெண்டாவது யூனிட்ல ஏத்துமதி செக்‌ஷனுக்குப் போட்டுருவாங்க. அங்க வேல ஒண்ணும் கஷ்டம் இல்ல."

வேலை கஷ்டம் இல்லைதான். ஆனால் இரண்டாவது யூனிட்டில் பால்வாடி இல்லை. அங்கிருந்து பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் நான் எப்படி வருவேன்? மேனேஜர் போனதும் பாப்பாவுக்குப் பால் கொடுக்கப் போனேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே குடித்தாள். இது கடைசி வாரமோ என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

பால்வாடி அம்மா பார்த்துவிட்டார். என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"அட, இதுக்கா? நம்ம மெக்கானிக் பொண்ண கூப்புடு."

"அது தையல் மிஷின் மெக்கானிக் அம்மா. இது கம்ப்யூட்டர்."

"சுத்துதா இல்லியா?"

"ஃபேன் சுத்தும்."

"அப்ப கூப்புடு."

அந்தப் பெண்ணைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். பெயர் போடக்கூடாது என்று சொல்லிவிட்டாள். "போட்டுராதீங்கக்கா, லைன்ல ஓட்டியே சாவடிச்சுருவாங்க" என்றாள். அப்போது அவளுக்கு இருபத்திமூன்று வயது இருக்கும், என்னைவிட ஐந்து வயது சின்னவள். ஆலங்காயம் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவாள். டேபிளில் நூல் வெட்டும் வேலைக்குச் சேர்ந்து, மெக்கானிக்குகள் தையல் மெஷினைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்தே வேலை கற்றுக்கொண்டவள். தினமும் காலையில் லைன் தொடங்கும் முன் எல்லா மெஷினையும் தோல் வைக்காமல் ஒரு நிமிஷம் வெறுமனே ஓடவிடச் சொல்வாள். கண்ணை மூடிக்கொண்டு நடுவில் நடந்து போவாள். நடுவில் நின்று, "ஏழாவது மிஷின், எண்ணெ கேக்குது" என்பாள். லைன் பெண்கள் அவளை டாக்டரம்மா என்று கேலி செய்வார்கள். ஆனால் அவள் நடக்கும்போது ஒருத்தியும் பேசமாட்டாள்.

அவள் ஸ்க்ரூ டிரைவரைப் பின்னலில் செருகிக்கொண்டு வந்தாள். நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். வேலூர் கடைக்காரர் சொன்னது, மெட்ராஸ் ஸ்டுடியோ, இரண்டாவது யூனிட், எல்லாம். கேட்டுவிட்டு அமைதியாகச் சொன்னாள்.

"அக்கா, இது இன்னான்னே எனக்குத் தெரியாது. சுத்துறது எதுவா இருந்தாலும் காது கொடுப்பேன், அவ்ளோதான். ஒரு வாட்டி போடுங்க."

போட்டேன். ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பெட்டியின் தகட்டில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"நிறுத்துங்க. பிளக்கையும் புடுங்கிடுங்க."

"என்ன?"

"ஒரு சத்தம் இல்லக்கா, ரெண்டு இருக்கு. ஒண்ணு எதையோ ஒரசுது. இன்னொண்ணு காத்து இல்லாம தவிக்குது. ஃபேன் கெட்டுப்போன சத்தம் இல்ல. கெட்டுப்போனா கிணுகிணுன்னு வேற மாதிரி கேக்கும்."

நான் உடனே கதவைத் திறக்கப் போனேன். கையைப் பிடித்தாள்.

"பத்து நிமிஷம் ஆறட்டும்."

"நேரம் இல்லம்மா!"

"நேரம் இல்லன்னாதான் ஆறணும். சூட்டுல கை வச்சா நம்ம கையும் போவும், அதுவும் போவும்."

அந்தப் பத்து நிமிஷத்தில் அவள் ஒன்றுமே செய்யவில்லை. சுவர்க் கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். ஃபைல்களை இப்போதே அனுப்பிவிட்டால் என்ன, பொறுப்பாவது கழியுமே என்று தோன்றியது. அனுப்பிவிட்டு ஓடிவிட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது. அவளோ ஜன்னல் விளிம்பில் விரலை ஒருமுறை தேய்த்துப் பார்த்தாள். பிறகு ஜன்னலை மூடினாள்.

கதவைத் திறந்தோம். நான் அவ்வளவு நேர்த்தியாக ஒட்டிய ஸ்பாஞ்ச் கழன்று, கார்டின் ஃபேன்கள் மேல் போர்வை மாதிரி படுத்திருந்தது. ஒரு ஃபேனின் இறக்கை அதை உரசி உரசிப் பள்ளமே செய்திருந்தது. அவள் ஸ்பாஞ்சை எடுத்துப் பின்பக்கம் விரலை வைத்தாள். விரல் ஒட்டியது. மூக்கருகே கொண்டுபோனாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"அக்கா, இது நம்ம சோல் சொல்யூஷன்தான?"

"ஆமா."

"இத லைன்ல ஹீட்டர்ல காட்டி எளக்கித்தானக்கா சோல ஒட்டுறோம்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பசை காய்ந்த பிறகும் சூடு பட்டால் இளகும். இளகுவதற்காகவே செய்த பசை அது. நம் ஃபேக்டரியில் கேட்டைத் திறக்கும் வாட்ச்மேனுக்குக்கூட இது தெரியும். நாலு வருஷம் ஷூ கம்பெனியில் இருந்த எனக்கு, அந்தப் பசையைக் கொண்டுபோய்ச் சூடாகிற பெட்டிக்குள் பூசும்போது நினைவு வரவில்லை. வெளியே யாராவது இதே தப்பைச் செய்திருந்தால் மன்னித்துவிடலாம். நான் செய்ததை எப்படிச் சொல்வது?

"நான்தான் ஒட்டினேன்" என்றேன்.

"தெரியுதுக்கா. ஓரம் வெட்டின அழக பாத்தாலே டிசைன் ரூம் வேலன்னு தெரியுது" என்றாள். கேலிதான். ஆனால் அதற்குமேல் அதைப் பற்றி அவள் பேசவே இல்லை, அன்றும் சரி, பிறகும் சரி. லைனில் ஒருத்தியிடமும் சொல்லவும் இல்லை.

ஸ்பாஞ்சை எடுத்த பிறகு ஃபேன்களுக்கு அடியில் பார்த்தோம். சூட்டை வாங்கி வெளியே விடும் மெல்லிய தகடுகள் அங்கே வரிசையாக இருக்க வேண்டும். ஒரு தகடும் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் ஜன்னலைத் திறந்து உள்ளே வரவழைத்த தோல் தூசி அங்கே கம்பளி மாதிரி படிந்திருந்தது.

பால்வாடி கதவுக்குப் பக்கத்தில் கம்ப்ரஸர் காற்றுக் குழாய் வருகிறது. மெஷின்களில் தூசி ஊதுவதற்கு. நான் அதை எடுத்துவரப் போனேன்.

"அது வேணாம்கா."

"ஒரே நிமிஷத்துல போயிடுமே."

அவள் என்னோடு வந்தாள். வெள்ளை லைனிங் தோல் துண்டு ஒன்றை உள்ளங்கையில் விரித்து, குழாயைத் திறந்து அதன்மேல் ஊதினாள். வெள்ளைத் தோலில் பொட்டுப் பொட்டாக ஈரமும் எண்ணெயும் படிந்தது. என்னிடம் நீட்டினாள். நான் குழாயைத் திரும்ப மாட்டிவிட்டேன்.

ஸ்டோரிலிருந்து பசை தொடாத புது பிரஷ் ஒன்று வாங்கி வந்தாள். ஃபேன் சுற்றிவிடாமல் என் விரலால் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். தகடுகளின் போக்கிலேயே, குறுக்கே இழுக்காமல், கீழ்நோக்கிக் கோதினாள். குழந்தைக்குத் தலைவாருகிற மாதிரி. கொஞ்ச நேரத்தில் அந்தத் தூசி உடையாமல் ஒரே பட்டையாக உரிந்து வந்தது. விரல் நீளம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இங்க பாருங்கக்கா."

பட்டையின் ஓரத்தில் கோடுகள் இருந்தன. அடியில் கறுப்பு. அதற்கு மேல் காப்பிக்கொட்டை நிறம். மேலே தடிப்பாக ஒரு பழுப்பு. அந்த வருஷம் ஃபேக்டரியில் ஓடிய தோல் எல்லாம் வரிசையாக அதில் இருந்தது. பள்ளிக்கூடக் கறுப்பு ஷூ, பிறகு ஆபீஸ் ஷூ, பிறகு பூட்ஸ். பூட்ஸ் ஓடிய வாரங்களில்தான் நான் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். அந்த ஒரு கோடு மட்டும் மற்ற இரண்டையும் சேர்த்த அளவுக்குத் தடித்திருந்தது. மற்ற இரண்டு கோடுகளும், ஜன்னல் மூடியிருந்த காலத்திலும் தூசி வந்துகொண்டுதான் இருந்தது என்று சொல்லின.

நான் அந்தத் தகடுகளின் கீழே, சூட்டைக் கடத்துவதற்காக இருக்கும் பசையையும் மாற்றலாமா என்று கேட்டேன். எங்கோ படித்திருந்தேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"அது எனக்குத் தெரியாதுக்கா. தெரியாத எடத்துல நான் ஸ்க்ரூ போட மாட்டேன். தெரிஞ்சவங்க வரட்டும்."

நேரம் ஒன்றரை ஆகியிருந்தது. தெரிந்தமாதிரி காட்டிக்கொள்ள அவளுக்கு நல்ல சந்தர்ப்பம். நானும் அவள் எது சொன்னாலும் தலையாட்டும் நிலையில் இருந்தேன். ஆனாலும் தன் வேலை எங்கே முடிகிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இத்தனை வருஷத்தில் நான் பார்த்த எந்த என்ஜினியரிடமும் அந்தத் தெளிவைப் பார்த்ததில்லை. உங்களிடம் அதை எதிர்பார்க்கிறேன்.

மெஷினைப் போட்டோம். உரசல் போய்விட்டது. வெறும் காற்றுச் சத்தம்தான். ஷூவைச் சுற்றவிட்டேன். எண் ஏறியது. எழுபது, எழுபத்தைந்து. எண்பதைத் தாண்டியதும் ஃபேன் மறுபடி கத்தத் தொடங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை சிணுங்கியது.

"சுத்தம் பண்ணியும் கத்துதே" என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டேன்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது இவ்ளோ வேகமா செய்யணுமாக்கா?"

"எது?"

"லைன்ல தடிப்பான எடம் வந்தா, நாலு தோல் சேர்ற எடம், அங்க யாரும் மிதிய அழுத்த மாட்டாங்க. கம்மி பண்ணிப்பாங்க. தையல் அதேதான், நேரம்தான் கொஞ்சம் ஜாஸ்தி. அழுத்தினா ஊசி ஒடையும். இதுக்கு மிதி இல்லியா?"

மிதி இருந்தது. கார்டு எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. மென்பொருளிலேயே அதைக் குறைக்கலாம். எனக்கு அது தெரியும். காலேஜிலேயே தெரியும். குறைத்தால் ஷூ விட்டுவிட்டுச் சுற்றுமோ, பையர் நம்மை ஓட்டை மெஷின்காரர்கள் என்று நினைப்பாரோ என்று பயந்து ஒருநாளும் தொட்டதில்லை. நூறு சதவீதத்தில் இருந்ததை எழுபத்தைந்துக்குக் கொண்டுவந்தேன்.

ஷூ சுற்றியது. கொஞ்சம் நிதானமாக, ஆனால் தடைபடாமல். எண் எழுபதுக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றது. ஃபேன் சத்தம் பெருமூச்சு மாதிரி இறங்கியது. அவள் கண்ணை மூடிக் கேட்டாள். தலையை ஆட்டினாள். ஸ்க்ரூ டிரைவரைப் பின்னலில் செருகிக்கொண்டு, "லைன்ல தேடுவாங்க, வர்றேன்கா" என்று போய்விட்டாள்.

இரண்டு மணிக்கு மேனேஜர் வந்தார்.

"ஓடுதா?"

ஓடுகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் மூன்று மணிக்கு நடுவில் நின்றுவிட்டால்? அப்போது அறை மட்டும் போகாது, ஆர்டரும் போகும், எத்தனையோ பெண்கள் உட்கார்ந்திருக்கும் ஒரு லைனே சும்மா இருக்கும். மேஜைமேல் இருந்த ஸ்பாஞ்சை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னலையும் சொன்னேன்.

அவர் ஸ்பாஞ்சைத் திருப்பிப் பார்த்தார். விரல் ஒட்டியது. "சோல் சொல்யூஷனா?" என்றார். என் முகத்தைப் பார்த்தார். அவரும் சிரித்துவிடுவார்போல் இருந்தது, ஆனால் சிரிக்கவில்லை.

"கேரண்டி கொடுப்பியா?"

"கொடுக்க முடியாது சார். ஆனா சத்தம் மாறினா எனக்குத் தெரியும். தெரிஞ்சா நிறுத்திடுவேன். பத்து நிமிஷம் ஆற விட்டா மறுபடி ஓடும்."

"பையர் முன்னாடியா?"

"பையர் முன்னாடிதான் சார்."

மேனேஜர் முதல்தடவையாக அந்த அறையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஆரம்பி" என்றார்.

மூன்று மணிக்குத் தொடங்கினோம். ஏழு ஷூ வரை ஒரு பிரச்சினையும் இல்லை. எட்டாவதில் பையர், கறுப்பையும் பழுப்பையும் பக்கத்துப் பக்கத்தில் சேர்த்துச் சுற்றச் சொன்னார். இரண்டு ஷூ, இரண்டு மடங்கு வேலை. சத்தம் ஏறத் தொடங்கியது. முன்பென்றால் பையருக்குக் கேட்காமல் இருக்க மைக்கை மூடியிருப்பேன். இப்போது அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்தேன். இன்னும் நாலு ஷூதான், தாங்கும் என்று ஒரு மனசு சொன்னது. தாங்காவிட்டால் என்று இன்னொரு மனசு. இரண்டும் எனக்குப் பழக்கமான குரல்கள். அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் பாப்பா அழத் தொடங்கினாள். அவளுடைய மூன்று மணி தாண்டிவிட்டது.

"மன்னிக்கணும், பத்து நிமிஷம் இடைவெளி வேணும்" என்று பையரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். மேனேஜரின் நாற்காலி கிறீச்சிட்டது. பையர் ஒரு நொடி திகைத்தார். பிறகு, நல்லது, நானும் காப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றார். அவ்வளவுதான். மூன்று வருஷமாக அந்த மனிதரிடம் எதையும் கேட்கப் பயந்திருந்தேன்.

ஷூக்களை நிறுத்தினேன். எண் இறங்கத் தொடங்கியதைப் பார்த்துவிட்டுப் பால்வாடிக்குப் போனேன். பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு, பிளைவுட்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். முதுகில் ஃபேனின் அதிர்வு தெரிந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அவள் குடித்து முடித்தபோது அதுவும் அடங்கியிருந்தது. திரும்பிப் போய் மிச்சமிருந்த ஷூக்களையும் காட்டி முடித்தேன். ஃபைல்கள் மெட்ராஸுக்குப் போகவில்லை. நான் இரண்டாவது யூனிட்டுக்குப் போகவில்லை. பாப்பா நடக்கத் தொடங்கியது அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான்.

நான் செய்தது எல்லாம் சரியா என்று கேட்டால் இன்றும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. மூன்று நாளும் எண்ணைப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. சத்தத்தைக் குறைக்க நான் சத்தத்தைத்தான் மூடினேன். அந்தப் பெண் சத்தத்தைக் கேட்டாள், அது ஏன் வருகிறது என்று தேடினாள். சத்தம் தானாகக் குறைந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் லைன் நிற்கும் அரைமணி நேரத்தில் பிரஷோடு வருவாள். ஜன்னலில் இப்போது இருக்கிற துணி வடிகட்டி அவள் தைத்தது. தெரிந்தவர் வந்து பசை மாற்றியபோது பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டாள். இப்போது உங்கள் மெஷினுக்கு அவள்தான் மாற்றுகிறாள். கேட்டால், "எனக்கு இன்னாக்கா தெரியும்" என்பாள். நம்பாதீர்கள். அந்தத் தூசிப் பட்டையைக் குறிப்பேட்டின் கடைசி அட்டையில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாகிவிட்டது. பள்ளி ஆற்காட்டில், அவள் அப்பா வேலை செய்கிற ஊரில். அதனால்தான் விட்டுவிட்டு வந்தேன். என்னை யாரும் அனுப்பவில்லை.

கடைசி நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, பால்வாடி அம்மாவிடமும் சொல்லப் போனேன். மத்தியானத் தூக்க நேரம். குழந்தைகள் வரிசையாகப் படுத்திருந்தன. அம்மா வாயில் விரலை வைத்துக் காட்டினார். நான் பிளைவுட்டில் முதுகைச் சாய்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. காதை வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை.

"மிஷின நிறுத்திட்டாங்களா?" என்றார் அம்மா மெதுவாக.

நீங்கள் இருவரும் புதிது, ஏதாவது ஆகிவிட்டதோ, சொல்லாமல் விட்டேனோ என்று செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி வந்தேன். கதவைத் தள்ளினேன். திரையில் ஒரு பழுப்பு நிற பூட்ஸ் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஓரத்தில் எண் அறுபத்தெட்டு. நீங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தீர்கள்.

"இன்னாக்கா ஆச்சு?" என்றீர்கள்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனேன். அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதியிருக்கிறேன்.